ட்ரைபாட்டுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்

நம் ரேஞ்சில் ஏர் ரைஃபிள் சுடும் நண்பர்களுக்கு,



கொஞ்ச நாளாக நம் ரேஞ்சில் குரோனோகிராஃப் பெருகிவிட்டது. சந்தோஷம். பெல்லட்டின் வேகத்தை இதுவரை சத்தத்தை வைத்தும், பின்னால் இருக்கும் தகட்டில் விழும் பள்ளத்தை வைத்தும் ஆளுக்கொரு கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இனி அந்த வாய்ச்சண்டைக்கு வேலையில்லை. ஆனால் அந்தக் கருவிகள் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் இரண்டு செங்கல். ரீல்ஸ் எடுக்க வாங்கிய மொபைல் ஸ்டாண்டு. எப்போதோ கல்யாண வீடியோவுக்கு உழைத்து ஓய்ந்த ஒரு ட்ரைபாட், அதன் ஒரு காலில் இன்சுலேஷன் டேப். கருவிக்குப் பல ஆயிரம் எண்ணிக் கொடுத்தவர்கள், அதைத் தாங்கும் கால்கள் என்று வந்ததும் கையை இறுக்கிக்கொள்கிறீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஸ்டாண்டு ஆடினால் எண் தப்பாக வரும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி வரவில்லை. நம்மில் பலரிடம் இருப்பது இரண்டு சென்சார் உள்ள பெட்டி. சென்சார்களுக்கு நடுவே ஒரு அடி, அதாவது சுமார் 30 சென்டிமீட்டர் தூரம். பெல்லட் முதல் சென்சாரின் மேல் கடக்கும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதைக் கடக்கும்போது நிற்கும். நம் மேட்ச் ரைஃபிளில் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் அளவில் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு அடியைக் கடக்க 2 மில்லி நொடிகூட ஆகாது. அதற்குள் ஸ்டாண்டு எவ்வளவுதான் நகர்ந்துவிடும்? நொடிக்கு இரண்டு தடவை, சுடும் திசையிலேயே, முன்னும் பின்னும் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆடுகிற படுமோசமான ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உச்ச வேகமே நொடிக்கு 13 சென்டிமீட்டர்தான். 170 மீட்டரில் அது தூசு.

ஆக, ஆட்டத்தால் எண் கெடாது. கெடுவது கோடு. காலை ஒன்பது மணிக்கு நேராக நிறுத்திய பெட்டி பத்து மணிக்கும் அதே நேரில் நிற்கிறதா என்பதுதான் ட்ரைபாட்டிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் கடையில் எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாகிவிடும்.

பெட்டி கொஞ்சம் சாய்ந்துவிட்டால் என்ன ஆகும்? மூக்கு கீழே இறங்கினாலும், இடமோ வலமோ திரும்பினாலும் விளைவு ஒன்றுதான்: பெல்லட் சென்சார்களுக்கு நடுவே குறுக்காகப் போகிறது, நேராகப் போவதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போகிறது. கருவிக்கு அது தெரியாது. அது ஒரு அடி என்றே வகுத்து, வேகத்தைக் குறைத்துக் காட்டும். 5 டிகிரி சாய்வுக்கு 0.4 சதவீதம் குறையும். 170-க்கு முக்கால் மீட்டர்கூட இல்லை. 10 டிகிரி என்றால் ஒன்றரை சதவீதம், இரண்டரை மீட்டருக்கு மேல். ரெகுலேட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று ஒன்றிரண்டு மீட்டர் வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய தொகை.

இன்னொன்றும் இருக்கிறது. சாய்வு எப்போதும் குறைத்தே காட்டும், கூட்டிக் காட்டாது. நம் நாட்டில் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பது 20 ஜூல் வரைக்கும்தான். ஸ்பிரிங் மாற்றிப் பவர் ஏற்றுகிற தம்பிகள் சிலர் அந்த எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறார்கள். ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும். ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டிய வேகம், ஆற்றல் கணக்கில் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும். திரையில் 19.7 என்று பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர் கையில் இருப்பது 20.3 ஆக இருக்கலாம். சாய்ந்த ஸ்டாண்டைக் காரணமாகச் சொன்னால் எந்த இன்ஸ்பெக்டரும் கேட்டுக்கொள்ள மாட்டார்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். பெல்லட் சென்சாருக்கு 10 சென்டிமீட்டர் மேலே போனால் ஒரு எண், 15 சென்டிமீட்டர் மேலே போனால் வேறு எண் வருவதைக் கவனித்திருப்பீர்கள். சென்சார்கள் இரண்டும் அச்சுப் பிசகாமல் இணையாக மேலே பார்ப்பதில்லை. ஒரு டிகிரி விலகியிருந்தாலே, இந்த 5 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் அவற்றின் பார்வைக்கு நடுவே உள்ள தூரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மாறிவிடும். நம் 170-ல் அது அரை மீட்டர். மடிக்கும் வகைப் பெட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கடைசிவரை விரித்தோமா என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள்; கீல் அரைகுறையாக நின்றால் இந்தப் பிழை இன்னும் பெருகும். எந்த உயரத்தில் சுடுகிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. முதல் பெல்லட்டும் பத்தாவது பெல்லட்டும் ஒரே உயரத்தில் போக வேண்டும். ட்ரைபாட்டின் நடுத்தண்டு மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தால் வேகம் மாறுவதுபோலத் தெரியும். நீங்கள் சிலிண்டரைச் சந்தேகப்பட்டுக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக மனசில்லை. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1742-ல் வெளிவந்த ‘நியூ பிரின்சிபிள்ஸ் ஆஃப் கன்னரி’ என்ற நூலில் தன் ஊசல் கருவியை விவரித்தார். மரப்பலகை பொருத்திய கனமான இரும்புத் தகட்டை ஊசலாகத் தொங்கவிட்டு அதில் சுட்டார். குண்டு பட்டதும் ஊசல் பின்னால் போகும். அது இழுத்துக்கொண்டு போன ரிப்பனின் நீளத்தை வைத்து வேகத்தைக் கணக்கிட்டார். அந்த ஊசல் தொங்கியது எதில் தெரியுமா? உச்சியில் சேர்த்துக் கீழே அகட்டி நட்ட மூன்று கம்பங்களில். பளு தூக்க வேலையாட்கள் வைத்திருந்த அதே வகைச் சட்டம். நம்முடையதுபோல இல்லாமல், அவருடைய கருவியில் கால் அசைந்தால் எண்ணே கெட்டுப்போகும்; குண்டின் உந்தத்தில் ஒரு பங்கைச் சட்டம் தின்றுவிடும். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய 1750-ல் இங்கே வந்தார். 1751-ல் கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலக் கரையில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்ததும் அதே கடலூரில்தான். சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது.

சரி, கடைக்குப் போவோம்.

ட்ரைபாட் பெட்டியின்மேல் ‘5 கிலோ தாங்கும்’ என்று போட்டிருப்பதை நம்பி எதுவும் முடிவு செய்யாதீர்கள். அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் போட்டுக்கொள்கிறது. நம் குரோனோகிராஃப் ஒரு கிலோகூட இருக்காது. அதைத் தாங்காத ட்ரைபாட்டே கிடையாது. தாங்குவது வேறு, அசையாமல் வைத்திருப்பது வேறு.

முதலில் உயரம். ‘150 செ.மீ.’ என்று போட்டிருக்கும். நடுத்தண்டை முழுக்க உயர்த்தி, காலின் கடைசிச் சுள்ளித் துண்டுவரை நீட்டினால்தான் அந்த 150. நமக்கு வேண்டியது தண்டை இறக்கியே வைத்த உயரம். மேசையில் ரெஸ்ட் போட்டுச் சுடும்போது பேரல் தரையிலிருந்து ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். பெட்டியின் உயரத்தையும், பெல்லட்டுக்கு விடும் இடைவெளியையும் கழித்தால் ட்ரைபாட்டின் தலை 80 முதல் 85 சென்டிமீட்டரில் நின்றால் போதும். நின்று சுடும் நிலையிலும் வேகம் பார்க்க வேண்டும் என்றால், 10 மீட்டர் டார்கெட்டின் மையமே தரையிலிருந்து 1.40 மீட்டரில் இருக்கிறது, தலை 1.20 வரை போக வேண்டும். ஆகவே தண்டைத் தொடாமல் 1.20, 1.25 வரை ஏறும் ட்ரைபாட்டாகப் பாருங்கள். கால் நான்கு துண்டாக மடிவதைவிட மூன்று துண்டாக மடிவது மேல். கொஞ்சம்தான் நீட்ட வேண்டுமென்றால் மேலே இருக்கும் தடித்த துண்டை நீட்டுங்கள். கீழே இருக்கும் ஒல்லியான துண்டு உள்ளேயே கிடக்கட்டும்.

எடையைப் பற்றி: பயணத்துக்கு வாங்குகிறவர்கள் லேசாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நாம் நேர்மாறு. கார் டிக்கியிலிருந்து ஃபைரிங் பாயிண்ட் வரை தூக்கப்போகிறோம், அவ்வளவுதான். இரண்டு கிலோவுக்குக் குறைந்ததை நான் கையில் எடுக்கவே மாட்டேன். கார்பன் ஃபைபருக்குக் கூடுதல் காசு கொடுப்பது நம் வேலைக்கு வீண்.

அடுத்தது தலை. பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். இப்போது கடைக்காரர்கள் எடுத்த எடுப்பில் பால் ஹெட் காட்டுகிறார்கள். கேமராவுக்கு அது சௌகரியம். குரோனோகிராஃப் நீளமான பெட்டி. நீளவாக்கில் சரிசெய்த பிறகு பக்கவாக்கில் ஒரு துளி திருத்த வேண்டியிருக்கும். பால் ஹெட்டைத் தளர்த்தினால் எல்லாத் திசையும் ஒன்றாகக் கழன்றுவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். மூன்று கைப்பிடி உள்ள பேன் ஹெட்டில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் இருந்த இடத்தில் இருக்கும். அதிலும் மட்டமான சரக்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: இறுக்கிக் கையை எடுத்ததும் மூக்கு இரண்டு மில்லிமீட்டர் தொங்கும்.

அதைக் கண்டுபிடிக்கக் கடையிலேயே ஒரு வழி இருக்கிறது. பாடம் நடத்தும்போது திரையில் காட்டுவதற்கு வைத்திருப்பார்களே, அந்த லேசர் பாயிண்டர் ஒன்றை எடுத்துப் போங்கள். ரப்பர் பேண்டால் தலைத்தட்டில் கட்டி, எதிர்ச் சுவரில் புள்ளி விழும்படி இறுக்குங்கள். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் ஒரு டிகிரி என்பது 17 சென்டிமீட்டர். கண்ணுக்கே தெரியாத தொங்கல் சுவரில் விரற்கடை அளவுக்குத் தெரியும். கைப்பிடியை விடுங்கள், புள்ளி இறங்குகிறதா பாருங்கள். தலையை ஒரு விரலால் தட்டுங்கள். புள்ளி குதித்துவிட்டுப் பழைய இடத்துக்கே வருகிறதா, வேறு இடத்தில் போய் நிற்கிறதா? குதிப்பது பரவாயில்லை என்று மேலேயே பார்த்தோம். வேறு இடத்தில் நின்றால் அந்த ட்ரைபாட் வேண்டாம். பிறகு கடைக்காரரிடம் விலை பேசுங்கள். பேசி முடிக்கிறவரைக்கும் லேசர் எரியட்டும். திரும்பிப் பார்க்கும்போதும் புள்ளி அங்கேயே இருந்தால் வாங்கலாம். லேசரை யார் கண்ணுக்கும் நேரே பிடிக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கருவியைத் தலையோடு இணைப்பது ஒற்றைத் திருகு. கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, கேமரா திருகேதான். ஒற்றைத் திருகில் நிற்கும் எதுவும் அதையே அச்சாக வைத்துச் சுழலும். காற்றடித்தால் சுழலும், ஒயர் இழுத்தால் சுழலும். சுழலக்கூடாதென்று முறுக்கி முறுக்கி இறுக்கினால் பிளாஸ்டிக் அடிப்பாகத்தில் பதித்திருக்கும் நட்டு பிய்ந்துகொண்டு வரும். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி நடுவில் வைத்து, கையிறுக்கம் மட்டும் இறுக்குங்கள். இன்னும் நன்றாக வேண்டுமா? ஓர் அடி நீள அலுமினிய எல்-ஆங்கிள் ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்து நடுவில் துளை போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியின் பக்கச்சுவர் ஆங்கிளின் உதட்டில் சாய்ந்து நிற்கும். திரும்ப வழியே இருக்காது. மார்க்கர் பேனாவால் தட்டுக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு பிசகியதும் தூரத்திலிருந்தே தெரியும்.

இத்தனைக்கும் பதிலாக ஒரே அடியில் காரியத்தை முடிக்கும் பொருளும் ஒன்று இருக்கிறது: சர்வேக்காரர்கள் டோட்டல் ஸ்டேஷன் வைக்கும் ட்ரைபாட். அகலக் கால், காலடியில் மிதித்து மண்ணில் இறக்க இரும்பு முனை, தட்டையான தலை, நடுத்தண்டு என்ற தொல்லையே இல்லை. பல லட்சம் ரூபாய் கருவியைத் தாங்கிப் பழகியது. அதன் திருகு பெரியது: அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, 11 மரை. அதைக் கால் அங்குலத்துக்கு இறக்கும் அடாப்டர் விற்கிறது. கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். பழையதாகக் கிடைத்தால் நல்ல கேமரா ட்ரைபாட்டைவிட மலிவாகவே அமையும். சிமெண்டுத் தரையில் மட்டும் அந்த இரும்பு முனை வழுக்கும். மூன்று காலையும் சங்கிலியால் பிணைத்துவிடுங்கள், அல்லது முனைக்கு அடியில் ரப்பர் பாய் போடுங்கள்.

நிறுத்தும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ரசமட்டத்தைப் பெட்டியின்மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். பேரலின் வாயிலிருந்து டார்கெட் வரை கொத்தனார் நூல் ஒன்றைக் கட்டி, அது இரண்டு சென்சாருக்கும் நடுவாக, ஒரே உயரத்தில் போகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு நூலை எடுத்துவிடுங்கள். ஏர் ரைஃபிளுக்குப் பேரலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும். மிக ஒட்டி வைத்தால் வெளியே பீறிடும் காற்றே சென்சாரை ஏமாற்றும்.

காற்று விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பெட்டிக்கு மேலே கம்பியில் நிற்கும் அந்த வெள்ளைக் குடைகள் ஆடிக்காற்றில் பாய்மரம் மாதிரி வேலை செய்யும். மேகம் மூடிய நாளில் அவை தேவையே இல்லை, கழற்றிவிடுங்கள். வெயில் நாளில் போட்டே ஆக வேண்டுமென்றால், காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஒரு காலை நீட்டி வையுங்கள். மூன்று கால் ஸ்டாண்டு கால் இருக்கும் பக்கம் சாய்வது கடினம். இரண்டு காலுக்கு நடுவே சாய்வது சுலபம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரு மடங்கு. நடுக்கொக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிடலாம். ஆனால் கேன் அடிப்பாகம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் அதுவும் ஒரு ஊசலாகி ஸ்டாண்டையும் சேர்த்து ஆட்டும்.

உள்ளரங்கில் ட்யூப்லைட்டுக்குக் கீழே கண்டபடி எண் வருகிறது என்று சிலர் ஸ்டாண்டைக் குறை சொல்கிறீர்கள். அது விளக்கின் வேலை; 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது. இன்ஃப்ராரெட் விளக்குச் சட்டம் போட்டால் தீர்ந்தது. ரேடார் வகை வைத்திருப்பவர்கள், கார்மின் செரோ, லேப்ரேடார் போன்றவை, இந்தத் தலைவலியில் பாதி இல்லாதவர்கள். பெல்லட் அவற்றின் மேலே போக வேண்டியதில்லை. கருவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கவலைப்பட வேண்டியது குறி ஒன்றுதான். சின்ன பெல்லட்டை ரேடார் கடைசிவரை துரத்த வேண்டுமென்றால் கருவி டார்கெட்டை நேராகப் பார்க்க வேண்டும். முழங்கையை ஊன்றும் மேசையிலேயே அதன் குட்டி ஸ்டாண்டை வைத்தால் ஒவ்வொரு தடவை நகர்ந்து உட்காரும்போதும் குறி மாறும். தனி ஸ்டூலில் வையுங்கள்.

கடைசியாகச் சொன்னாலும் என்னை இந்த மடல் எழுதவைத்தது இதுதான். குரோனோகிராஃப் நிற்பது ஃபைரிங் லைனுக்கு முன்னால். அதைத் தொட வேண்டுமென்றால் ஒருவர் பேரலுக்கு முன்னால் நடந்து போக வேண்டும். விதி எல்லாருக்கும் தெரியும்: எல்லா ரைஃபிளும் காலி, சேஃப்டி ஃப்ளாக் உள்ளே, யாரும் ஆயுதத்தைத் தொடக்கூடாது, ரேஞ்ச் ஆபீசர் சொன்ன பிறகுதான் போக வேண்டும். ஒரு காலைப் பொழுதில் இரண்டு தடவை என்றால் எல்லாரும் ஒழுங்காகச் செய்வார்கள். ஐந்து ஷாட்டுக்கு ஒருமுறை மூக்கு தொங்கும் ஸ்டாண்டு என்றால்? பக்கத்து லேனில் இருப்பவர் முகம் சுளிப்பார். சொல்லிக் கேட்பதற்கே கூச்சமாக இருக்கும். ‘ஒரு செகண்டு, இதோ வந்துட்டேன்’ என்று கையைக் காட்டிவிட்டு முன்னால் குனிகிறீர்கள். சமீபத்தில் இதை ஒன்றுக்கு மேற்பட்ட லேனில் பார்த்தேன். மட்டமான ட்ரைபாட்டின் உண்மையான விலை அந்தக் குனிதல்.

அதோடு ஒட்டியது: ஸ்கோப்பில் பார்த்தால் வழி தெளிவாக இருக்கும். ஆனால் ஸ்கோப் பேரலுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. நீங்கள் பார்க்கும் வழியும் பெல்லட் போகும் வழியும் ஒரு மீட்டர் தூரத்தில் ஒன்றல்ல. கருவி கொஞ்சம் மேலேறி நின்றாலோ திரும்பியிருந்தாலோ பெல்லட் நேராகப் பெட்டியில் இறங்கும். பணம் போகட்டும். அவ்வளவு கிட்டத்தில் ஈயமும் பிளாஸ்டிக்கும் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேகம் பார்க்கும்போது கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள், பக்கத்தில் நின்று எண்ணைப் படிப்பவரும் சேர்த்துத்தான்.

எல்லாரும் தனித்தனியாக வாங்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. ரேஞ்சுக்குப் பொதுவாக ஒரு சர்வே ட்ரைபாட் வாங்கி, அடாப்டரும் எல்-ஆங்கிள் தட்டும் போட்டு, கடைசி லேனில் வேகம் பார்க்க மட்டும் நிரந்தரமாக நிறுத்திவைக்கலாம். கால் நிற்கும் மூன்று இடத்தையும் தரையில் பெயிண்டால் குறித்துவிட்டால் யார் வந்தாலும் அதே இடம், அதே உயரம், ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடவும் முடியும். கமிட்டியில் கேட்டேன், பத்துப் பேராவது சம்மதித்தால் பரிசீலிப்பதாகச் சொல்கிறார்கள். ஆபீஸ் மேசையில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். பெயரை எழுதுங்கள், உங்கள் குரோனோகிராஃபின் மாடலையும் அடியில் இருக்கும் திருகின் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். கட்டுமானத் தொழிலில் இருப்பவர்கள் யாரிடமாவது ஓரமாகக் கிடக்கும் சர்வே ட்ரைபாட் இருந்தால், தலைத்தட்டின் நடுத்திருகு ஓடுகிறதா, கால் கிளாம்ப் மூன்றும் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். லேசர் பாயிண்டர் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மூன்றாவது லேனில் சுடுபவன்